இறந்த வயருக்குச் சான்றிதழ் கோரும் மனு

அனுப்புநர்: பழைய வீடொன்றின் உரிமையாளர், மீட்டருக்கு இந்தப் பக்கம்.

பெறுநர்: உயர்திரு மின் பாதுகாப்பு அதிகாரி அவர்கள், மீட்டருக்கு அந்தப் பக்கம்.

பொருள்: பயன்பாட்டில் இல்லாத வீட்டு வயர்களுக்கு இறப்புச் சான்றிதழ் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இந்திய மின்சார விதிகள், 1956, விதி எண் 46.

மதிப்பிற்குரிய ஐயா,

மனுதாரர் தங்கள் மேலான சமூகத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: இவர் வீட்டுக் கூடத்து சுவிட்ச் போர்டில் எட்டு சுவிட்சுகள் உள்ளன. ஐந்து ஒழுங்காக விளக்கையும் விசிறியையும் இயக்குகின்றன. ஆறாவதைப் போட்டால் பக்கத்து அறையில் விளக்கு எரிகிறது. ஏன் என்று விளக்கக்கூடிய ஒரே வயர்மேன் காலமாகிவிட்டார். மிச்சமிருக்கும் இரண்டைப் பற்றி வீட்டில் யாரிடம் கேட்டாலும் "அது ஒண்ணுமில்ல" என்கிறார்கள். பாட்டி காலத்திலிருந்து இதே பதில்தான். அந்த "ஒண்ணுமில்ல"வை தாங்கள் எழுத்துமூலமாக, அலுவலக முத்திரையுடன் உறுதிசெய்து தர வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

தமிழ்நாட்டில் ஒரு வயர் பிறப்பதற்குத் தாள்களுக்குக் குறைவே இல்லை. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேலை முடிந்ததாக அறிக்கை தர வேண்டும். மெக்கர் கருவியால் 500 வோல்ட் டி.சி. கொடுத்து ஒரு நிமிடம் பார்த்தால், கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே இன்சுலேஷன் தடை குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். அதன்பின் கையொப்பம், முத்திரை, கட்டணம். அதற்குப் பிறகுதான் சர்வீஸ். பிறப்பை இவ்வளவு முறையாகப் பதியும் படிவத்தில் இறப்பைப் பதிய ஒரு கட்டம்கூட இல்லை. விசிறியைக் கழற்றியாயிற்று, கிணறு வற்றி மோட்டாரை விற்றாயிற்று, முற்றத்தை மூடிக் கட்டியபோது முற்றத்து விளக்கும் போயிற்று. அவற்றுக்குப் போய்க்கொண்டிருந்த வயர் என்ன ஆனது என்று எந்தப் பதிவேடும் கேட்கவில்லை. கேட்பாரில்லாததால் அது சுவரிலேயே குடியிருந்துவிட்டது.

இத்தனைக்கும் வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமானால், மின் இணைப்பை வாரிசு பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அதாவது, சாவு என்ற ஒன்று உண்டு என்பது மின்சார உலகத்துக்குத் தெரியாததல்ல.

இனி, மனுதாரர் வீட்டில் இறந்ததாகச் சொல்லப்படும் வயர்களின் விவரம். சென்னை மாநில மின்வாரியம் 1957 ஜூலை 1 அன்று அமைந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் கரண்ட் வாங்கிய வீடுகளில் தேக்கு ரீப்பர் கட்டையைச் சுவரில் அடித்து, அதன்மேல் ரப்பர் உறை போட்ட வயரைத் தகரக் கிளிப்பால் பிடித்து ஓட்டினார்கள். அதற்கும் மூத்த வீடுகளில் மரக் கேசிங்குக்குள், பருத்திநூல் பின்னிய ரப்பர் வயர். வட்ட மரக்கட்டை மேல் பித்தளை மூடி போட்ட சுவிட்ச். பீங்கான் ஃபியூஸ். வேலையின் நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது; மூலைக்கு மூலை மட்டம் பார்த்து அடித்திருக்கிறார்கள். கட்டைக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளேயிருக்கும் ரப்பர்தான் காய்ந்து, வெடித்து, விரல் பட்டால் முறுக்குத் தூளாக உதிர்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் அதன்மேல் அடித்த சுண்ணாம்புதான் இன்றைய தேதிக்கு அந்த வயரின் இன்சுலேஷன்.

அதற்கடுத்து, செம்புக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்து அலுமினிய வயர். திருகுக்கு அடியில் அலுமினியம் நாளாக ஆக நசுங்கித் தளரும். மேலே ஆக்சைடு படியும். செம்புக் கம்பியோடு நேரடியாக முறுக்கிவிட்டால் ஈரத்தில் அரிக்கும். தளர்ந்த இணைப்பு சூடாகும். இதெல்லாம் தெரிந்துதான் பிறகு வந்த எலக்ட்ரீஷியன்கள் புதுச் செம்பு வயர் இழுத்தார்கள். பழையதை எடுத்தார்களா? போர்டில் கழற்றி, முனையில் கறுப்பு டேப் சுற்றி, பைப்புக்குள் தள்ளிவிட்டார்கள்.

ஏன் எடுக்கவில்லை என்பதற்கு அவர்களைத் திட்டிப் பயனில்லை. வீட்டு வயரிங் கூலி பாயிண்ட் கணக்கில் பேசப்படுகிறது. ஒரு விளக்குக்கு ஒரு பாயிண்ட், ஒரு பிளக்குக்கு ஒரு பாயிண்ட். போடுவதற்கு விலை உண்டு. எடுப்பதற்கு விலையே கிடையாது. முக்கால் நாள் ஏணியில் நின்று கிளிப் கிளிப்பாகப் பிரித்தால் வீட்டுக்காரர் கேட்பது, "இதுக்கு எதுக்குங்க கூலி, ஒண்ணுமே போடலையே?" எடுத்த இடத்தில் பெயரும் பூச்சுக்குக் கொத்தனார், கொத்தனாருக்குப் பின்னால் பெயிண்டர். இந்தச் செலவையெல்லாம் ஒரு சுற்று டேப் மிச்சப்படுத்திவிடுகிறது. டேப்பின் பசை சென்னை வெயிலில் சில கோடைகள் தாங்கும். பிறகு அது தானாகப் பிரிந்து, பைப்புக்குள்ளே செம்பு முனையை அம்மணமாக விட்டுவிட்டு உதிர்ந்துவிடும்.

குறைந்த மின்னழுத்த வகையறாக்களைத் தனியே குறிப்பிட வேண்டும். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பின் மொட்டைமாடியிலிருந்து இறங்கிய பட்டை ஆன்டெனா வயர், 1982இல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும் அதைப் பிடிக்க இன்னும் உயரமாகப் போட்ட ஆன்டெனாவின் வயர், கேபிள் டிவிக்காரர் பக்கத்து வீட்டு மாடி வழியாக எறிந்தது, டிஷ்ஷுக்கு வந்தது, காலிங்பெல்லுக்கு இழுத்தது, தொலைபேசிக்கு வந்தது. இவற்றில் பெரும்பாலானவை சாதுக்கள். ஆனால் தொலைபேசிக் கம்பியில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் டி.சி. உண்டு, மணி அடிக்கும்போது அதைவிட அதிகமாக ஏறும். அந்த மணியை யாரும் எடுக்காததாலேயே அது செத்துவிட்டதாக மனுதாரர் குடும்பம் கருதுகிறது.

உண்மையான சிக்கல், செத்ததாகச் சொல்லப்பட்டும் சாகாதவைதான். இதில் முதலிடம் இன்வெர்ட்டர் லைனுக்கு. 2008 வாக்கில் தொடங்கி சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு வாட்டியபோது, வசதியுள்ள வீடெல்லாம் இன்வெர்ட்டர் வாங்கிற்று. 2012இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த மின்வெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூடத்துக்கு ஒரு விசிறி, படுக்கையறைக்கு ஒன்று, படிக்கிற பிள்ளைக்கு ஒரு டியூப்லைட் என்று தனி லைன் இழுத்தார்கள். அவசரத்தில் இழுத்தது, வெட்டு அடுத்த மணி நேரமே வருமே! இருக்கிற சுவிட்ச் போர்டிலேயே பாதி சுவிட்சுகளை மெயினிலிருந்து பிரித்து இன்வெர்ட்டரோடு சேர்த்தார்கள். எந்தப் பாதி என்று யாரும் எழுதிவைக்கவில்லை. விளைவு, ஒரே போர்டுக்குள் இரண்டு ராஜ்ஜியம். வீட்டுக்காரர் பொறுப்பாக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, பழைய வயரைப் பிடிக்கிறார். மெயின் அணைந்ததைக் கரண்ட் போனதாக எண்ணி இன்வெர்ட்டர் தன் கடமையைத் தொடங்குகிறது. பேட்டரியிலிருந்து வந்தாலும் அதுவும் 230 வோல்ட்தான். ஷாக் அடிப்பதில் அது பாரபட்சம் காட்டுவதில்லை.

இரண்டாமிடம், நியூட்ரலைத் துண்டித்துவிட்டு ஃபேஸை அப்படியே விட்டுவைத்த வயருக்கு. அந்தக் காலத்துப் போர்டுகளில் ஃபேஸுக்கு ஒரு ஃபியூஸ், நியூட்ரலுக்கு ஒரு ஃபியூஸ் என்று இரட்டையாக வைத்தார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணையும், விசிறி நிற்கும், வயரில் மட்டும் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ கூடாது என்பது 1956 விதிகளிலேயே உள்ள விஷயம். விதி டெல்லியிலிருந்து சுவர்வரை வந்து சேர வழியில் என்ன தடங்கலோ தெரியவில்லை. ஃபேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை என்ற நிற ஒழுங்கும் அப்படித்தான். கடையில் எந்தக் காயில் இருந்ததோ அந்த நிறம். மனுதாரர் வீட்டில் எல்லாமே கறுப்பு. ஐயப்பட்ட வயர்மேன் அடையாளத்துக்கு ஒன்றில் முடிச்சுப் போட்டு வைத்தார். எதற்கு முடிச்சு என்பதுதான் இப்போது ஐயம்.

மூன்று ஃபேஸ் உள்ள வீடுகளில் நிலைமை இன்னும் சுவாரசியம். ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்குத் திருப்பிக்கொள்ள மாற்றுச் சுவிட்ச் வைத்திருப்பார்கள். இன்று செத்துக்கிடக்கும் வயர், நாளை மாலை மருமகன் ஏ.சி. போடுவதற்காகச் சுவிட்சைத் திருப்பும்போது எழுந்து உட்காரும். அங்கே எதற்கும் உபயோகமில்லை என்று ஒரு கறுப்பு வயரைக் கத்தரித்து, அது இரண்டு ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரலாக இருந்துவிட்டால், டிவியும் ஃபிரிட்ஜும் 230க்குப் பதில் 400 வோல்ட்டை நோக்கிப் போகலாம். அன்றைக்கு வீட்டில் செத்தது எது என்பதில் யாருக்கும் ஐயமிருக்காது.

"டெஸ்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்று தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வரக்கூடும். அந்தச் சிறிய நியான் விளக்கின் சாட்சியம் நம்பத்தக்கதல்ல. இரு முனையும் துண்டிக்கப்பட்ட வயர், உயிருள்ள வயரோடு ஒரே பைப்பில் பத்தடி ஓடினால் போதும், பக்கத்து வயரின் மின்புலத்தால் அதிலும் கொஞ்சம் வோல்ட்டேஜ் தொற்றிக்கொள்ளும். டெஸ்டர் மங்கலாக எரியும். டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஐம்பது, எண்பது என்று எதையாவது காட்டும். ஒரு பல்பை இணைத்தால் எரியாது. ஆக, செத்த வயர் உயிரோடிருப்பதாகச் சாட்சி கிடைக்கிறது. மாறாக, ரப்பர் செருப்போடு மர ஸ்டூல் மேல் நின்று, பட்டப்பகல் வெளிச்சத்தில் பார்த்தால், முழு உயிரோடிருக்கும் வயரிலும் அந்த நியான் எரிவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அதனால்தான் பழைய வயர்மேன்கள் ஹோல்டரில் பல்பு மாட்டி இரண்டு வயர் நீட்டிய டெஸ்ட் லாம்ப்பைப் பையில் வைத்திருந்தார்கள். அதையும் முதலில் கரண்ட் உள்ள இடத்தில் எரியவைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள்.

எர்த் பற்றிச் சுருக்கமாக. அந்நாளில் பலர் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றிக் கட்டினார்கள். குழாய் துருப்பிடித்து, பிளம்பர் வந்து பி.வி.சி. மாற்றினார். எர்த் கம்பி இன்னும் குழாயில்தான் கட்டியிருக்கிறது. கட்டு மிக உறுதி.

பார்வையில் கண்ட விதி 46க்கு வருவது பொருத்தம். ஏற்கெனவே இணைப்புக் கொடுத்த ஒவ்வொரு நுகர்வோரின் வயரிங்கையும், ஐந்து ஆண்டுக்கு மேற்படாத இடைவெளியில், மின் ஆய்வாளரோ அவருக்கு உதவும் அலுவலரோ மின்சாரம் வழங்குபவரோ, மாநில அரசு பணித்தபடி வந்து பார்த்துச் சோதிக்க வேண்டும் என்றது அந்த விதி. "வேண்டும்" என்றுதான் எழுதியிருக்கிறது. "மனமிருந்தால்" என்று இல்லை. மனுதாரர் வீட்டுக்கு இணைப்புக் கிடைத்தது 1962இல். அந்த விதிகளுக்குப் பதிலாக 2010இல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வரும்வரை கணக்கிட்டாலே ஒன்பது வருகைகள் பாக்கி. மனுதாரர் தேதி கேட்டு நச்சரிக்கவில்லை. ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டாலும் சம்மதம். மதியச் சாப்பாடு போடுவதிலும் ஆட்சேபணையில்லை.

ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருவது தவறுவதில்லை. கதவுக்கு வெளியிலேயே நின்று மீட்டரைப் பார்க்கிறார், அட்டையில் எழுதுகிறார், போகிறார். அவர் தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் 1962ஆம் ஆண்டு ரப்பர் வயர் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை; அது அவர் வேலையுமல்ல. நுகர்வோரின் சுவிட்ச் கியர் முனையோடு வழங்குபவரின் பொறுப்பு முடிகிறது. மீட்டருக்கு அந்தப் பக்கம் ஓடும் வயருக்குச் சட்டம், வாரியம், பொறியாளர்கள், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. இந்தப் பக்கம் ஓடுவதற்கு இருப்பது டேப்.

பிற்காலத்து ஒழுங்குமுறைகளில் இதற்கொரு தீர்வு கண்டிருக்கிறார்கள்: அறிவிக்கப்பட்ட அளவுக்கு உட்பட்ட மின்னழுத்தம் உள்ள இடங்களை உரிமையாளரே சோதித்துத் தானே சான்றளித்துக்கொள்ளலாம். வராத ஆய்வாளரின் வேலையை, மெக்கர் என்றால் பக்கத்துத் தெருப் பையன் பெயரா என்று கேட்கும் உரிமையாளரிடம் ஒப்படைத்த இந்த எளிமை பாராட்டத்தக்கது.

இதற்கிடையில் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒருவர் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை வாங்கி மாட்டினால் என்ன நடக்கிறது? மாட்டிய மாலையே அது விழுகிறது. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. பூச்சுக்குள் புதைந்த பழைய வயர் ஒன்று மழை ஈரத்தில் சுவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் விட்டுக்கொண்டிருக்கிறது என்றுதான் அந்தப் பெட்டி கத்துகிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, "சார், உங்க வயரிங்குக்கு இது செட் ஆகாது" என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துத் தருகிறார். கசிவைச் சொன்னவன் வேலையிழந்தான். கசிய விட்டவன் பணியில் தொடர்கிறான். இந்த நடைமுறை வேறு அலுவலகங்களிலும் உண்டு என்பதால் மனுதாரர் இதை நீட்டிக்க விரும்பவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில் மின்சாரம் தாக்கி இறப்போர் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டிய வண்ணம் இருக்கிறது. அறுந்த லைன், வயல் வேலி, மோட்டார் கொட்டகை எல்லாம் அதில் அடக்கம். எத்தனை பேர் சுவரில் ஆணி அடிக்கப் போனவர்கள் என்று பிரித்துச் சொல்ல அதில் இடமில்லை. சுவரில் எங்கே வயர் ஓடுகிறது என்று எழுதிவைக்காத நாட்டில் அந்தக் கணக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

முன்னுதாரணம் கேட்பீர்கள். அமெரிக்க மின்விதித் தொகுப்பின் 2002 பதிப்பு, இரு முனையிலும் கருவி இல்லாமல், பின்னாளில் பயன்படும் என்ற சீட்டும் கட்டப்படாமல் கிடக்கும் தகவல்தொடர்புக் கேபிளைக் கைவிடப்பட்டது என்று வரையறுத்து, கைக்கு எட்டும் பகுதியை எடுத்தே ஆக வேண்டும் என்றது. கூரைக்கு மேலே குவிந்த பழைய கேபிள் உறைகள் தீப்பிடித்தால் நெருப்பையும் புகையையும் பரப்பும் என்பது அவர்கள் கவலை. தரைக்கடி மின்குழாயில் ஒரு பிளக் பாயிண்ட்டை நீக்கினால் அதற்குப் போகும் கம்பியையும் உருவ வேண்டும் என்பது அங்கே அதற்கும் பழைய விதி. சுவருக்குள் புதைந்ததை அவர்களும் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் கைவிடப்பட்ட வயர் என்ற ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்ளவாவது செய்திருக்கிறார்கள்.

எடுத்த வயருக்கு என்ன வழி என்ற கேள்விக்கும் மனுதாரரிடம் பதில் உண்டு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்கு 13 கிராமுக்குச் சற்று மேலே எடை நிற்கும். 90 மீட்டர் காயில் ஒன்றில் 1.2 கிலோ செம்பு. காயலான் கடையில் அதற்கு நல்ல மரியாதை. மரியாதை கூடுவதற்காகச் சிலர் உறையைத் தெருவோரத்தில் கொளுத்திச் செம்பை எடுக்கிறார்கள். பி.வி.சி. எரியும்போது டையாக்சின் உருவாகிறது. கூடவே இருக்கும் செம்பு அந்த வினையை ஊக்குவிக்கிறது. பழைய உறையில் ஈயச் சேர்மமும் இருக்கும். உறையோடு விற்றால் சில ரூபாய் குறையும், அவ்வளவுதான்.

ஆகவே மனுதாரர் வேண்டுவது இவ்வளவே. பெயர் மாற்றப் படிவத்தில் "பயன்பாட்டில் இல்லாத வயர்கள்" என்று ஒரு கட்டம் சேர்க்கப்பட வேண்டும். ஒரு பாயிண்ட்டை எடுப்பதற்கும் அரசே ஒரு விலை வைத்துக் காட்டலாம். பாக்கியுள்ள ஒன்பது வருகைகளில் ஒன்றையாவது, மெக்கரோடு, மழைக்காலத்தில் தீர்க்க வேண்டும். சான்றிதழ் வழங்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லையென்றால், யாருக்கு உண்டு என்பதையாவது தெரிவிக்கலாம். அவருக்கும் ஒரு மனு தயாராக இருக்கிறது.

இங்ஙனம்,
பழைய வீட்டு உரிமையாளர்.

நகல்: பழைய வீட்டில் குடியிருக்கும் வாசகர்களுக்கு, தக்க நடவடிக்கைக்காக. மெயினை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டரையும் அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். இரண்டு முனையும் கண்ணில் படாத வயரை அவரையும் வெட்டவிடாதீர்கள். பைப்பிலிருந்து பழையதை உருவும்போது அதன் வாலில் ஒரு ஜி.ஐ. கம்பியைக் கட்டி இழுத்தால், நாளை புது வயர் இழுக்க உதவும். உருவ வராததை இரு முனையிலும் கழற்றி, கனெக்டர் போட்டு மூடி, எந்த வயர் என்று சீட்டு எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன்பே, எடுப்பதற்கும் கூலி உண்டு என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.